கூண்டு பெரிதானால் மட்டும் போதுமா? ஜொகூர் ஒராங் உத்தான் ஷெர்லி எழுப்பிய கேள்வி

சாஆ – பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சாஆ, லாபிஸ், பெக்கோக், யோங் பெங் வட்டாரக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் மிருகக்காட்சி சாலையும் ஒன்று. தெற்கே போனால் ஜொகூர் பாரு, மேற்கே போனால் மலாக்கா ஆயர் குரோ, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் மண்டாய். புலிக் கூண்டின் முன் நின்றதும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏம்பா, இந்தப் புலி இங்கேயும் அங்கேயும் நடந்துகிட்டே இருக்கு?" பெற்றோரும் "பசிக்குது போல" என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

சாதாரணமாகத் தோன்றும் அந்தக் கேள்வியைத்தான் விலங்குநல ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அடைத்து வைக்கப்பட்ட ஒரு விலங்குக்கு உணவு, தண்ணீர், கூரை, மருத்துவர் எல்லாம் கிடைத்தாலும் அதன் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜொகூர் மாநிலத்திலேயே அதற்கான வரலாறு இருக்கிறது.

புதுப்பொலிவு பெற்ற பழைய பூங்கா

ஜொகூர் பாருவில் உள்ள மிருகக்காட்சி சாலை இந்த வட்டாரத்தின் மிகப் பழைய பூங்காக்களில் ஒன்று. 1928இல் சுல்தான் இப்ராஹிம் காலத்தில் அரச குடும்பத்தின் சொந்தத் தோட்டமாக அமைக்கப்பட்டு, 1962இல் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நகரின் நடுவே சிறிய நிலப்பரப்பில் அமைந்த பூங்கா அது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் மூடப்பட்டது. பின்னர் பெரிய அளவில் சீரமைக்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 31 தேசிய தினத்தன்று மீண்டும் திறக்கப்பட்டது.

சீரமைப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் பூங்கா புதுப்பிக்கப்பட்டது என்று கேட்டவுடன் மனக்கண்ணில் வருவது புது நடைபாதை, புது வேலி, கண்ணாடித் தடுப்பு, சுத்தமான கழிப்பறை ஆகியவைதான். இவை அனைத்தும் வருகையாளருக்கான வசதிகள். உள்ளே இருக்கும் விலங்குக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள 2011ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சிகரெட் பிடித்த ஷெர்லி

2011 செப்டம்பரில் ஷெர்லி என்ற பெண் ஒராங் உத்தான் உலகச் செய்திகளில் இடம்பிடித்தது. ஜொகூர் மிருகக்காட்சி சாலையில் இருந்த அந்தக் குரங்கு, வருகையாளர்கள் எறிந்த சிகரெட்டுகளை எடுத்துப் புகைத்துக்கொண்டிருந்தது. பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். வெளிநாட்டு விலங்குநல அமைப்பு ஒன்று அங்குள்ள நிலைமை குறித்து மலேசிய அதிகாரிகளிடம் புகார் செய்தது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை ஷெர்லியையும் வேறு சில விலங்குகளையும் பறிமுதல் செய்தது. அவை மோசமான சூழலில் இருந்ததாக அதிகாரிகள் கருதினார்கள்.

ஷெர்லி மலாக்கா மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் தனியாகக் கண்காணிக்கப்பட்டது. அங்கே அதற்குச் சிகரெட் தரப்படவில்லை. அது போதைக்கு அடிமையாகிவிடவில்லை என்றும், சுற்றிலும் புகைத்தவர்களைப் பார்த்துப் பழகியிருக்கலாம் என்றும் மலாக்கா பூங்காவின் இயக்குநர் அப்போது கூறினார். போர்னியோவில் உள்ள வனவிலங்கு மையம் ஒன்றுக்கு அதை அனுப்பத் திட்டமிடப்பட்டிருப்பதாகவும் அறிவிக்கப்பட்டது.

ஷெர்லி தனி ஒன்றல்ல. அடுத்த ஆண்டே இந்தோனேசியாவின் சோலோ நகரப் பூங்காவில் தோரி என்ற ஒராங் உத்தானுக்கும் இதே பழக்கம் இருந்தது தெரிய வந்தது. வருகையாளர்கள் சிகரெட் எறிய முடியாதபடி, பூங்காவுக்குள்ளேயே இருந்த ஒரு சிறு தீவுக்கு அது மாற்றப்பட்டது.

இந்தச் செய்திகளில் எல்லாரும் கவனித்தது சிகரெட்டை. கவனிக்காமல் விட்டது அந்தக் கூண்டின் வெறுமையை. காட்டில் வாழும் ஒராங் உத்தான் விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதியைப் பழம், இலை, பட்டை, பூச்சி தேடுவதில் செலவிடும். மரத்துக்கு மரம் தாவிப் போகும். ஒவ்வொரு மாலையும் கிளைகளை வளைத்துப் புதிய படுக்கை கட்டும். எங்கே எந்தப் பழம் பழுக்கும் என்பதைத் தாயிடமிருந்து பல ஆண்டுகள் கூடவே இருந்து கற்றுக்கொள்ளும். இவ்வளவு மூளையும் கையும் கொண்ட உயிரை, தேடுவதற்கு ஒன்றுமில்லாத தளத்தில் உட்கார வைத்தால், வெளியிலிருந்து வந்து விழும் எதுவும் அதற்கு ஒரு நிகழ்ச்சிதான். சிகரெட்டே ஆனாலும் சரி.

வீடு வேறு, வாழும் நாள் வேறு

இன்றைய மிருகக்காட்சி சாலைகள் இதற்குச் சூழல் செறிவூட்டல் என்ற வழியைக் கையாளுகின்றன. சொல் புதிதாக இருக்கலாம், விஷயம் எளியது. விலங்கு தன் இயல்புப்படி தேடவும் தோண்டவும் ஏறவும் ஒளியவும் யோசிக்கவும் வாய்ப்புத் தருவதுதான் அது.

உணவைத் தட்டில் வைக்காமல் மூங்கில் குழாய்க்குள் அடைத்துக் கொடுப்பார்கள். பழத்தைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுப்பார்கள். தேன் பூசிய மரக்கட்டையைச் சூரியக் கரடியிடம் விட்டால், அது தன் நீண்ட நாக்கால் மணிக்கணக்கில் வேலை பார்க்கும். யானைக்குப் புல்கட்டை உயரத்தில் தொங்கவிட்டால் தும்பிக்கையை நீட்டி இழுத்துத் தின்னும். புலியின் இடத்தில் பட்டை, சீரகம் போன்ற வாசனைப் பொருள்களைத் தூவினால் முகர்ந்து முகர்ந்து சுற்றி வரும். பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி ஊஞ்சல் கட்டினால் குரங்குகள் அதில் படுக்கும். இவற்றில் பெரும்பாலானவை செலவு அதிகமில்லாதவை. தேங்காய் மட்டையும் மூங்கிலும் மரக்கிளையும் நம் நாட்டில் எளிதில் கிடைப்பவைதான்.

சும்மா கிடைக்கும் உணவை விட்டுவிட்டு உழைத்துத் தேடும் உணவை விலங்கு விரும்புமா என்று கேட்கலாம். கோழி வளர்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். தட்டு நிறையத் தீனி வைத்திருந்தாலும் கோழி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டுதான் இருக்கும். எலி முதல் குரங்கு வரை பல விலங்குகள் இப்படிச் செய்வதை ஆய்வுக்கூடங்களிலும் கண்டிருக்கிறார்கள். தேடுவது பசிக்காக மட்டும் செய்யும் வேலையில்லை, அந்த உயிரின் தேவையே அதுதான்.

அந்தத் தேவை அடைபடும்போது விலங்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்குகிறது. புலி ஒரே கோட்டில் நடக்கும். கரடி தலையை ஆட்டும். சங்கிலியில் நிற்கும் யானை முன்னும் பின்னும் அசையும். "யானை ஆடுது பாரு" என்று பிள்ளைகளிடம் காட்டி மகிழ்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது ஆட்டமில்லை, அடைபட்ட வாழ்க்கையின் அடையாளம்.

இதில் அவசரத் தீர்ப்பும் கூடாது. முன்பு மோசமான இடத்தில் இருந்த விலங்கு, நல்ல இடத்துக்கு வந்த பிறகும் பழைய அசைவை விடாமல் இருக்கலாம். உணவு நேரம் நெருங்கும்போது மட்டும் நடக்கும் விலங்கும் உண்டு. ஒரு முறை பார்த்துவிட்டுப் பராமரிப்பாளரைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் நாள் முழுக்க ஒரே அசைவு என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

அளவு சொல்வதும் சொல்லாததும்

இடத்தின் அளவு முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. 2003இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, அடைப்பில் வாழும் ஊனுண்ணிகளை ஒப்பிட்டது. காட்டில் பரந்த எல்லையில் சுற்றும் இனங்களே கூண்டில் அதிகமாக முன்னும் பின்னும் நடக்கின்றன, அவற்றின் குட்டிகளே அதிகமாக இறக்கின்றன என்று அது காட்டியது. பனிக்கரடிக்குத் தரப்படும் வழக்கமான இடம், அது இயற்கையில் சுற்றும் குறைந்தபட்ச எல்லையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்றும் கணக்கிட்டது.

பனிக்கரடியின் கதை ஜொகூருக்கு மிக அருகிலேயே நடந்தது. சிங்கப்பூர் மிருகக்காட்சி சாலையில் 1990இல் பிறந்த இனுக்கா, வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 2004இல் அதன் உரோமத்துக்குள் பாசி வளர்ந்து உடம்பே பச்சையாகத் தெரிந்தது. விலங்குநல ஆர்வலர்கள் தொடர்ந்து கேள்வி எழுப்பினார்கள். இனிப் புதிதாகப் பனிக்கரடிகளைக் கொண்டுவரப் போவதில்லை என்று பூங்கா 2006இல் அறிவித்தது. இனுக்காவுக்கு முன்பைவிடப் பெரிய, குளிரூட்டப்பட்ட புதிய இடமும் பின்னர் கட்டித் தந்தது. முதுமையால் நலம் குன்றிய இனுக்கா 2018 ஏப்ரல் 25இல் வலியின்றி உயிர் துறக்க வைக்கப்பட்டது. சில விலங்குகளுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் சரியான வீடு அமைக்க முடியாது என்பதை ஒரு பெரிய பூங்காவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

யானை விஷயத்தில் இன்னொரு கணக்கு யோசிக்க வைக்கிறது. 2008இல் சயின்ஸ் ஆய்விதழில் வந்த ஆய்வு ஒன்று, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளை மியன்மாரில் மரம் இழுக்கும் யானைகளுடன் ஒப்பிட்டது. பூங்கா யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள். மரம் இழுக்கும் யானைகளுக்கு 41.7 ஆண்டுகள். பூங்கா யானைக்கு மருத்துவரும் கூரையும் நேரத்துக்குத் தீனியும் உண்டு. மரம் இழுக்கும் யானைக்கு வேலை கடினம், ஆனால் வேலை முடிந்ததும் காட்டுக்குள் விடப்படுகிறது. தானே மேய்கிறது, மற்ற யானைகளுடன் சேர்கிறது. அந்தக் கணக்கில் பழைய காலத்து யானைகளும் அடக்கம், இப்போது பராமரிப்பு மேம்பட்டுள்ளது என்று பூங்காத் தரப்பினர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த இடைவெளி சிறியதில்லை.

இதனால்தான் 2025இல் தைப்பிங் பூங்காவிலிருந்து மூன்று யானைகள் ஜப்பானின் ஒசாகா நகர தென்னோஜி பூங்காவுக்கு அனுப்பப்பட்டபோது மலேசியாவில் அவ்வளவு விவாதம் எழுந்தது. போகும் இடத்தின் பரப்பு என்ன, குளிர்காலத்தில் எங்கே நிற்கும், நாளை எப்படிக் கழிக்கும் என்று சாதாரண மக்களும் கேட்டார்கள். முன்பெல்லாம் இப்படிக் கேட்பவர்கள் குறைவு.

தமிழ்நாட்டுக் கோவில் யானைகள்

தமிழர்களுக்கு இந்த விஷயம் கோவில் வாசல் வரை வருகிறது. 2024 செப்டம்பரில் சிவகங்கை மாவட்டம் குன்றக்குடி சண்முகநாதர் கோவில் யானை சுப்புலட்சுமி, தான் கட்டப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்ததில் காயமடைந்து இறந்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18இல், திருச்செந்தூர் கோவில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தார்கள்.

இரண்டும் வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தவை. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன. தாய், சகோதரி, கன்று என்று கூட்டமாக வாழும் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் யானை, கல் தரையில் தனியாக நிற்பது எப்படிப்பட்ட வாழ்க்கை? தமிழ்நாடு அரசு 2003இல் முதுமலை தெப்பக்காட்டில் கோவில் யானைகளுக்கான புத்துணர்வு முகாமைத் தொடங்கியது. பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் முகாம் நடந்தது. 48 நாள் நடை, குளியல், மருத்துவம், மற்ற யானைகளின் துணை எல்லாம் அங்கே கிடைத்தன. யானைக்கு என்ன தேவை என்பது தெரிந்திருந்ததற்கு அந்த முகாமே சாட்சி. ஆண்டின் மற்ற முந்நூற்றுச் சொச்ச நாள்களும் எப்படி என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மிருகக்காட்சி சாலைகளை நடத்துவதற்கான விதிமுறைகள் 2012இல் வந்தன. கூண்டின் குறைந்தபட்ச அளவு உள்படப் பல நிபந்தனைகள் அவற்றில் உண்டு. ஷெர்லி விவகாரம் நடந்த மறு ஆண்டிலேயே இவை வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை 18 முதல் அமலில் உள்ளது. விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த சூழல், தகுந்த உணவு, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைத் தர வேண்டும். இனத்துக்கேற்ப மற்ற விலங்குகளுடன் சேர்த்தோ பிரித்தோ வைக்க வேண்டும். தன் இயல்பான நடத்தையைக் காட்ட விலங்குக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அச்சட்டம் விதிக்கும் கடமை. கொடுமைப்படுத்துபவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கூண்டின் அளவை நாடா வைத்து அளந்துவிடலாம். இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்பதை அப்படி அளக்க முடியாது. ஒருவர் பல மணி நேரம் நின்று பார்க்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பெருந்தொற்றின்போது டிக்கெட் வருமானம் நின்றதும் தேசிய மிருகக்காட்சி சாலையே தீவனச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. பணம் குறையும்போது தீனியை வெட்ட முடியாது. விலங்குக்கு ஊஞ்சல் கட்டவும் உணவை ஒளித்து வைக்கவும் செலவாகும் பராமரிப்பாளரின் நேரம்தான் முதலில் வெட்டப்படும் அபாயத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது.

வீட்டு வாசலிலும் இதே அளவுகோல்

விலங்குநலச் சட்டம் மிருகக்காட்சி சாலைக்கு மட்டும் உரியதில்லை. வீட்டு வாசலில் ஒரு மீட்டர் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்கும், சிறகை விரிக்க முடியாத கூண்டில் தொங்கும் கிளிக்கும், அசையக்கூட இடமில்லாத கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கும் அது பொருந்தும். தோட்டப்புறங்களில் மாடும் ஆடும் கோழியும் வளர்த்த தலைமுறைக்கு இது புதிய பாடமில்லை. காலையில் மேய்ச்சலுக்கு விட்டு மாலையில் கட்டிய மாட்டுக்கும், நாள் கணக்கில் கட்டியே கிடந்த மாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். வீடுகள் அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் மாறியபோது நாயும் கிளியும் கூடவே வந்தன, இடம் மட்டும் சுருங்கிவிட்டது.

தொழில் முறை வளர்ப்பிலும் இந்த மாற்றம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக் கோழிகளுக்கான வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. கூண்டு என்றால் அதில் முட்டையிட ஒதுக்கிடம், உட்காரக் கொம்பு, கிளறப் பொருள் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கோழிப் பண்ணைகள் நிறைந்த ஜொகூரிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும்.

பார்க்கப் போகிறவர்கள் என்ன பார்க்கலாம்?

மிருகக்காட்சி சாலைகளே வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் காட்டில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொல்லும் காலம் இது. நன்றாக நடத்தப்படும் பூங்காக்களுக்கு இனப்பெருக்கத்திலும், கடத்தலில் மீட்கப்பட்ட விலங்குகளைக் காப்பதிலும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் பங்கு உண்டு. அந்தப் பங்கை அவை உண்மையிலேயே ஆற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டியவர்களில் டிக்கெட் வாங்கிப் போகும் மக்களும் அடக்கம்.

தமிழ்ப்பள்ளிகளிலிருந்து சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் மாணவர்களிடம் சில கேள்விகளைக் கொடுத்து அனுப்பலாம். இந்த விலங்கு ஏற, தோண்ட, நீந்த ஏதாவது இருக்கிறதா? கூட்டத்தின் பார்வையிலிருந்து ஒதுங்க விரும்பினால் ஒளிய இடம் உண்டா? கூட்டமாக வாழும் இனம் என்றால் துணை இருக்கிறதா? உணவு எப்படித் தரப்படுகிறது? பத்து நிமிடம் நின்று பார்த்தால் அது என்ன செய்கிறது? இப்படிப் பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்ப்பது பிள்ளைகளுக்கும் நல்ல அறிவியல் பாடம்.

குறை கண்டால் முதலில் பராமரிப்பாளரிடம் கேட்கலாம். பெரும்பாலும் அவர்களுக்கே அந்த விலங்கின் மீது அக்கறை அதிகம், கேட்டால் விளக்கம் கிடைக்கும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வனவிலங்குகளுக்குப் பெர்ஹிலித்தானிடமும், வீட்டு விலங்குகளுக்கும் கால்நடைகளுக்கும் கால்நடைச் சேவைத் துறையிடமும் புகார் செய்யலாம். கூண்டுக்குள் எதையும் எறிவதும், விலங்கை எழுப்பக் கண்ணாடியைத் தட்டுவதும் மட்டும் எந்த நிலையிலும் கூடாது. ஷெர்லியின் கைக்குச் சிகரெட் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.